விண்மீனையும் பறவையையும் படம் பிடித்தோம்

வில்லாபுரத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டு மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால் மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்கள் தெரியும். கையை முன்னே நீட்டி, விரல்களை மடக்கி, அந்த மூடிய கையை அடிவானத்தின்மேல் வைத்ததுபோல் பிடித்தால், அதன் மேல்விளிம்பு தொடும் இடத்தில் துருவ நட்சத்திரம் இருக்கிறது. இருக்கிறது என்று புத்தகம் சொல்கிறது. எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கோபுரங்களைச் சுற்றி எரியும் நகரத்து விளக்குகளின் வெளிச்சம் அந்த இடத்தில் பால் அதிகமாகிவிட்ட தேநீரைப்போல் பரவி நிற்கிறது. அந்த ஒரு நட்சத்திரத்தைப் படம் பிடித்துவிட வேண்டும் என்று சென்ற மே மாத விடுமுறையில் தொடங்கினோம். அப்போது கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறோம். நடுவில் பறவைகள் எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் சொல்லுவோம்.

நாங்கள் ஐவர். ஐவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. எங்களுக்கு ஆசானாக வாய்த்தவர் தோழியின் சித்தப்பா. எங்கள் எல்லோருக்குமே அவர் சித்தப்பாதான். பாத்திரக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு. யாரோ விற்றுவிட்டுப் போன பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றையும் இரண்டு லென்ஸுகளையும் வாங்கி வைத்திருக்கிறார். ஒன்று அகலமான காட்சிக்கு உரியது. அதன் குவியத்தூரம் 18 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. மற்றொன்று 300 மில்லிமீட்டர் வரை நீளும் தொலைநோக்கு லென்ஸ். அந்தக் காசுக்கு ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கலாம் என்பது சித்தியின் நீண்டநாள் கட்சி. சித்தப்பா எதிர்க்கட்சி, ஆனால் வாய் திறப்பதில்லை.

புகைப்படம் என்பது ஒளியைக் கணக்கிட்டு வாங்கும் வேலை. இதைச் சித்தப்பா எங்களுக்குக் குழாயடியில் வைத்து விளக்கினார். வில்லாபுரத்துப் பெண்களுக்குத் தண்ணீர்க் குழாயைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. குடம் நிறைய வேண்டும். குழாயை முழுக்கத் திறந்தால் சீக்கிரம் நிறையும், கொஞ்சமாகத் திறந்தால் நேரமாகும். லென்ஸின் துவாரம் குழாயின் திறப்பைப் போன்றது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நாம் குடத்தைப் பிடித்திருக்கும் நேரத்தைப் போன்றது. மூன்றாவதாக ஐஎஸ்ஓ என்று ஓர் எண் இருக்கிறது. அதற்குக் குடம் உதவாது. ஒலிபெருக்கியைத்தான் நினைக்க வேண்டும். பேசுபவரின் குரல் மெலிந்திருந்தால் கருவியைத் திருகிச் சத்தத்தைக் கூட்டலாம். ஆனால் கூட்டக் கூட்டக் கரகரப்பும் சேர்ந்து கூடும். படத்தில் அந்தக் கரகரப்பு மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக விழுகிறது.

இந்த மூன்றில் பறவைக்கும் நட்சத்திரத்திற்கும் அடியோடு மாறுபடுவது நேரம். பறக்கும் பறவையின் சிறகு அசையாமல் பதிய வேண்டுமானால் ஷட்டர் ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருக்கலாம். நட்சத்திரத்தின் சிறிதளவு ஒளியைத் திரட்டவோ முப்பது விநாடி வரை திறந்து வைக்கிறோம். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம், அறுபதாயிரம் மடங்கு! ஒரே பெட்டி இந்த இரண்டு வேலையையும் செய்கிறது என்பது முதலில் எங்களுக்கு நம்பும்படியாக இல்லை.

முதலில் நிலவை எடுத்தோம். எளிதாக இருக்கும் என்று நினைத்தோம். இரவல்லவா, இருட்டல்லவா என்று கருவியையே நேரத்தைத் தீர்மானிக்கச் சொல்லிவிட்டோம். வந்தது நிலவல்ல, கறுப்புத் துணியில் சிந்திய ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ட். முயலும் இல்லை, களங்கமும் இல்லை. காரணம் யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. இங்கேதான் இரவு, நிலவில் படும் வெளிச்சம் நண்பகல் வெயில். வெயிலில் கிடக்கும் ஒரு பாறையைப் படம் எடுப்பதுபோல் எடுக்க வேண்டியதை நாங்கள் இருட்டறையை எடுப்பதுபோல் எடுத்துவிட்டோம். உண்மையில் நிலவின் தரை, விழும் ஒளியில் ஏறக்குறைய 12 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. அதாவது பழைய தார்ச்சாலையின் கருமை. பால் நிலா என்பது சுற்றியிருக்கும் கறுப்பினால் நம் கண் கொள்ளும் மயக்கம்! முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 11, நேரம் நூறில் ஒரு பங்கு விநாடி என்பது படக்காரர்களின் பழைய வாய்பாடு. அப்படி எடுத்தவுடன் முயல் வந்து உட்கார்ந்துகொண்டது.

கருவி ஏன் ஏமாந்தது? அது சட்டத்திற்குள் இருக்கும் ஒளி முழுவதையும் சராசரி பார்க்கிறது. கறுப்பு அதிகமாக இருந்தால் எல்லாமே இருட்டு என்று எண்ணி நேரத்தைக் கூட்டிவிடுகிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க் கரையில் மறுபடியும் வரும்.

அடுத்த வாரம் அமாவாசையை ஒட்டித் துருவ நட்சத்திரத்திற்குத் திரும்பினோம். சப்தரிஷி மண்டலம் மே மாத மாலைகளில் வடக்கே நன்றாக உயர்ந்து நிற்கும். அதன் முன்விளிம்பிலுள்ள இரண்டு நட்சத்திரங்களைச் சேர்த்துக் கோடு இழுத்து, அந்தக் கோட்டை ஐந்து மடங்கு நீட்டினால் துருவன். கோடு இழுத்தோம், கோபுரத்தின் மேல் வெளிச்சத்தில் போய் முடிந்தது.

துருவன் மங்கலான நட்சத்திரம் அன்று. இரண்டாம் படியைச் சேர்ந்தது. நட்சத்திரங்களின் ஒளியைப் படிகளாகப் பிரிப்பது பழைய வழக்கம். ஐந்து படி வேறுபாடு என்றால் சரியாக நூறு மடங்கு என்று அதற்குக் கணக்கு வகுத்தவர் நார்மன் பாக்சன், ஆண்டு 1856. அவர் 1861இல் சென்னை வானாய்வு நிலையத்திற்குத் தலைவராக வந்து, 1891இல் இறக்கும்வரை சென்னையிலேயே வேலை பார்த்தார். வந்த ஆண்டிலேயே சென்னையிலிருந்து அவர் கண்ட சிறுகோள் ஒன்றுக்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். பள்ளிப் புத்தகத்தில் இல்லாத இந்தச் செய்தியைக் கண்டுபிடித்தபோது எங்களுக்கு நாங்களே ஒரு சிறுகோளைக் கண்டதுபோல் இருந்தது. அது நிற்க. ஆறாம் படி வரை வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்பார்கள். பின் இரண்டாம் படியிலிருப்பது ஏன் மறைய வேண்டும்?

விடை எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே துருவன் தெரியும். மதுரை ஏறக்குறைய 10 பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே துருவனின் உயரமும் 10 பாகை. தில்லியிலுள்ளவர்களுக்கு அது 28 பாகைக்கு மேல். எங்களைப்போல் அவர்கள் அடிவானத்தில் தேட வேண்டியதில்லை. அவ்வளவு தாழ்வில் வரும் ஒளி, தலைக்கு நேர்மேல் உள்ளதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான காற்றையும் தூசியையும் கடந்து வரவேண்டும். அது போதாதென்று, எங்கள் வடக்கில்தான் மதுரை மாநகரமே இருக்கிறது. தெற்கு வானம் பரவாயில்லை. மார்கழி, தை மாதங்களில் அகத்தியர் நட்சத்திரம் அங்கே அழகாக எழும்பும். ஆனால் விமான நிலையமும் அந்தப் பக்கம் என்பதால் முப்பது விநாடிப் படத்தில் அகத்தியருக்குப் பக்கத்தில் அடிக்கடி ஒரு விமானம் கோடு கிழித்துக்கொண்டு போகும்.

துருவனை நோக்கி முப்பது விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தோம். படத்தில் பொழுது விடிந்திருந்தது! கோபுரமும் தெரிந்தது, தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தது, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த புடைவையின் கரைகூடத் தெரிந்தது. துருவன் மட்டும் இல்லை. நேரத்தைக் குறைத்தால் வெளிச்சம் குறைகிறது, கூடவே நட்சத்திரமும் குறைகிறது. குழாயில் வருவது கலங்கல் தண்ணீர் என்றால் குடத்தை எவ்வளவு நேரம் பிடித்தாலும் தெளிந்த நீர் கிடைக்காது என்றார் சித்தப்பா.

நீண்ட நேரம் திறந்து வைப்பதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 1858ஆம் ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் காகித நெகட்டிவ்களில் படம் பிடித்தார். மதுரையின் மிகப் பழைய புகைப்படங்களுள் அவையும் சேரும். அக்காலத்து நெகட்டிவ்கள் ஒளியை மிக மெதுவாகவே வாங்கும். ஆகையால் நின்றதெல்லாம் பதியும், நடந்ததெல்லாம் மறைந்துபோகும். கூட்டம் நிறைந்த தெருவும் அத்தகைய படத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். ஆட்கள் இல்லாமல் இல்லை. ஒரே இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான். வானத்தை எடுக்கும் முறை இன்றும் இதுவே. 1850இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தில் முதன்முதலாக ஒரு நட்சத்திரம் படத்தில் விழுந்தது. அது நம் பஞ்சாங்கம் அபிஜித் என்று சொல்லும் நட்சத்திரம். அதற்குச் சுமார் நூறு விநாடி பிடித்தது.

வில்லாபுரத்து மாடியில் ஆகாது என்று தெரிந்ததும், இருட்டான இடம் தேடினோம். சுற்றுச்சாலையைத் தாண்டித் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாய் இருக்கிறது. பறவைகள் கூடும் இடம் என்று மதுரைப் பறவை ஆர்வலர்களிடையே பெயர் பெற்ற கண்மாய் அது. அதைப் பறவைகள் சரணாலயமாக்க வேண்டும் என்று ஊர் மக்களும் ஆர்வலர்களும் கேட்டு வந்திருக்கிறார்கள். இரவில் போவதற்கு முன் இடத்தைப் பகலில் பார்த்துவிடுவோம் என்று மே மாதக் கடைசி ஞாயிறு காலை சென்றோம். பறவைகள் எங்கள் கட்டுரைக்குள் நுழைந்தது இப்படித்தான். நுழைந்த விதம் எங்களுக்குப் பெருமை தருவதாக இல்லை.

கோடையில் கண்மாயின் பெரும்பகுதி வறண்டு வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். கருவேல மரங்களுக்கு இப்பால் நாங்கள் இறங்கி நடந்ததும் இரண்டு ஆள்காட்டிகள் கூச்சலிட்டபடி எங்கள் தலைக்குமேல் சுற்றின. ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் அதற்கு ஆள்காட்டி என்று பெயர். ஆங்கிலேயர் காதில் அதே குரல் ‘டிட் ஹி டூ இட்’ என்று விழுந்ததாம். இவ்வளவு கத்துகிறதே, பக்கத்தில் முட்டை இருக்க வேண்டும் என்று தேடினோம். வெறும் தரையில், ஒரு சிறு பள்ளத்தில், மண்நிறத்தில் கரும்புள்ளிகளோடு நான்கு முட்டைகள். கூடு என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. மண்ணாங்கட்டி எது, முட்டை எது என்று தெரியாதபடி அவை கிடந்தன. சித்தப்பா தொலைநோக்கு லென்ஸைப் பொருத்தினார். பறவை இன்னும் அருகே வரட்டும் என்று நாங்கள் முட்டைகளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தோம். அது வந்தது. வாயைத் திறந்து, சிறகை விரித்து எங்களை நோக்கிக் கத்தியது. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி. கண், அலகு, முகத்திலுள்ள சிவப்புச் சதை, எல்லாம் கத்தியால் செதுக்கியதுபோல் பதிந்தன. ஆனந்தத்தில் கைதட்டினோம் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கரையிலிருந்து சத்தம் போட்டார். “எந்தூருப் பிள்ளைக நீங்க? அந்தக் குருவி வயித்துல அடிச்சுக்கிட்டுக் கத்துது, நீங்க போட்டோ புடிச்சு விளையாடுறீக. இந்த வெயில்ல முட்டை வெந்து போகும் ஆத்தா, எந்திரிச்சு வாங்க!”

மணியைப் பார்த்தோம். நாங்கள் உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. குளிர் நாடுகளில் பறவை முட்டைமேல் உட்காருவது சூடேற்ற. மதுரைச் சமவெளியின் மே மாதத்தில் அது உட்காருவது முட்டைக்கு நிழல் கொடுக்க. நிழல் மட்டும் போதாத நேரத்தில் ஆள்காட்டி தண்ணீருக்குப் போய் அடிவயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டையின்மேல் அமரும். இதைப் பிறகு புத்தகத்தில் படித்தோம். பாட்டிக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது. எழுந்து கரைக்கு ஓடினோம். கரையிலிருந்து பார்த்தபோது பறவை தரையில் இறங்கி, நாலடி நடந்து, நின்று, நாலடி நடந்து, கடைசியில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் எங்களால் பேச முடிந்தது.

அந்தப் படத்தை இவ்விதழில் அச்சிட ஆசிரியை கேட்டார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. அது யாரைப் பார்த்துக் கத்துகிறது என்பது படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

பறவைக்குத் தெரியாமல் பறவையைப் படம் பிடிப்பது எப்படி என்று உலகில் பலரும் பாடுபட்டிருக்கிறார்கள். பிரான்சில் எட்டியன் மாரே 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். குதிரையை அழுத்தினால் குண்டுக்குப் பதில் ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம். பறக்கும்போது சிறகு எப்படி வளைகிறது என்பதை அவர் அதனால் கண்டார். இங்கிலாந்தில் கீர்ட்டன் சகோதரர்கள் உள்ளே கூடாகச் செய்த மாட்டுப் பொம்மைக்குள் ஒளிந்துகொண்டு படம் எடுத்தார்கள். நம் தமிழகத்துக்கு வந்தால் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே பொருத்தி ஒரு கேமராவை உண்டாக்கி, அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று பட்டப்பெயரும் சூட்டியிருந்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்; பத்மஸ்ரீ விருதும் பெற்றார். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று இனி நாங்கள் பேசமாட்டோம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கண்மாய் நிறைந்தது. இம்முறை கரையை விட்டு இறங்குவதில்லை என்று விதி செய்துகொண்டோம். மரத்தடியில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் போதும். நாம் போக வேண்டிய தூரத்தைப் பறவைகளே நடந்து வந்துவிடுகின்றன. முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி நாம் எதிர்பாராத ஓரிடத்தில் எழும். நெடுங்கால் உள்ளான் சிவப்புக் குச்சிக் கால்களால் தண்ணீரை அளந்துகொண்டு போகும். கறுப்பு வெள்ளை மீன்கொத்திதான் எங்கள் செல்லப்பிள்ளை. அது தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்று, பிறகு கல் விழுவதுபோல் விழும். நிற்கும் அந்தச் சில விநாடிகளில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். விழும்போது எடுத்த படங்களில் இதுவரை எங்களிடம் இருப்பவை தண்ணீர் வளையங்கள் மட்டுமே.

வெள்ளைக் கொக்கை எடுத்தபோது பழைய வழக்கு திரும்பி வந்தது. கரிய தண்ணீரில் தனியாக நின்ற கொக்கு, படத்தில் இறகே இல்லாமல் வெட்டி ஒட்டிய வெள்ளைத் தாளாக விழுந்தது. ஐந்து பேரும் ஒரே குரலில் “நிலா!” என்றோம். ஆம், அதே தவறுதான். கறுப்பு நிறைந்த சட்டத்தில் சிறிய வெள்ளை. கருவி சராசரி பார்த்து ஏமாந்துவிட்டது. நேரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம். தண்ணீர் இன்னும் கறுத்தது. கொக்கின் முதுகில் இறகுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எங்கள் சோதனைகளில் முழுக்க நாங்களே கண்டுபிடித்தது என்று சொல்லத்தக்கது இது ஒன்றே.

இதற்கிடையில் எங்கள் இரண்டு ஆசைகளும், அதாவது துருவனும் பறவையும், ஒன்றாக இணையும் ஒரு செய்தியைப் படித்தோம். மழைக்காலத்துக்குப் பின் வடக்கேயிருந்து வரும் பறவைகளில் பல இரவில் பறக்கின்றன. இருட்டில் திசை எப்படித் தெரியும்? ஸ்டீபன் எம்லன் என்னும் அமெரிக்க அறிஞர் 1960களில் இதைச் சோதித்தார். இண்டிகோ பன்டிங் என்னும் நீலச் சிறுகுருவி ஒன்றைப் புனல் வடிவக் கூண்டின் அடியில் மைத்தட்டின்மேல் நிறுத்தி, சுற்றிலும் மையொற்றும் தாளை வைத்தார். மேலே கோளரங்கத்தின் செயற்கை நட்சத்திரங்கள். வலசைக் காலம் வந்ததும் குருவி தான் போக விரும்பும் திசையில் தாவித் தாவி, தாளில் மைக்காலடி வைத்தது. நட்சத்திரங்களை மாற்றினால் காலடிகளும் மாறின.

இதைவிட வியப்பானது 1970இல் அவர் வெளியிட்டது. குருவிக் குஞ்சுகள் எந்த நட்சத்திரம் துருவன் என்று அறிந்து பிறப்பதில்லை. இரவு வானத்தைப் பார்த்து, எது அசையாமல் நிற்க மற்றவை சுற்றுகின்றனவோ அதுவே வடக்கு என்று கற்றுக்கொள்கின்றன. சில குஞ்சுகளை அவர் திருவாதிரை நட்சத்திரத்தை மையமாகக்கொண்டு சுழலும் பொய்வானத்தின் கீழ் வளர்த்தார். அவை வளர்ந்ததும் திருவாதிரையையே வடக்கு என்று நம்பி, அதற்கு எதிர்த்திசையில் புறப்படத் துடித்தன! எல்லாப் பறவைகளும் நட்சத்திரத்தை மட்டுமே நம்புவதில்லை. சூரியனும் பூமியின் காந்தப் புலமும் அவற்றுக்கு வழிகாட்டுகின்றன. ஆயினும் வானம் சுழலும் மையத்தைத் தேடி மாடியில் நின்ற எங்களுக்கு, அதையே தேடிக் கூட்டில் உட்கார்ந்திருக்கும் குஞ்சுகள் இருக்கின்றன என்பது மிகவும் நெருக்கமான செய்தியாக இருந்தது.

அவற்றுக்கும் எங்களுக்கும் ஒரே இடைஞ்சல் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். நியூயார்க்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் 11ஆம் நாள் நினைவாக இரண்டு பெரிய ஒளிக்கற்றைகளை வானில் பாய்ச்சுகிறார்கள். அவ்வொளி ஏழு ஆண்டுகளின் ஏழு இரவுகளில் மட்டும் சுமார் 11 லட்சம் பறவைகளின் வழியைப் பாதித்தது என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பறவைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஒளியையே சுற்றிச் சுற்றி வந்தன. விளக்கை அணைத்த சில நிமிடங்களில் கலைந்து வழியைப் பார்த்துக்கொண்டு போயின. லடாக்கில் ஹன்லே என்னும் இடத்தில் 2022இல் வானத்தின் இருட்டையே காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். காட்டையும் விலங்கையும் காப்பதுபோல் இருட்டையும் காக்கலாம் என்பது எங்களில் யாருக்கும் அதுவரை தோன்றியதில்லை.

தை மாதம் அமாவாசையை ஒட்டிய ஒரு மாலை. இரவில் பெண் பிள்ளைகள் கண்மாய்க் கரைக்குப் போவதா என்ற கேள்வி ஐந்து வீட்டிலும் எழுந்தது. இறுதியில் ஒரு தோழியின் அம்மா தாமும் வருவதாகச் சொல்லித் தூக்குவாளி நிறையச் சுண்டலுடன் புறப்பட்டதால் வழக்குத் தீர்ந்தது. சித்தியும் வந்தார், கேமராவை முதன்முறையாகத் தாமே தோளில் மாட்டிக்கொண்டு.

கரையில் முக்காலியை நிறுத்தினோம். கைப்பேசிகளை அணைத்துப் பையில் போட்டோம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும், ஒருமுறை வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேற்கிலும் வடமேற்கிலும் மதுரையின் வெளிச்சம் இங்கேயும் தெரிந்தது. ஆனால் நேர் வடக்கு கொஞ்சம் தெளிந்திருந்தது. சப்தரிஷி இன்னும் எழவில்லை. காசியோபியாவின் ஐந்து நட்சத்திரங்கள் வடக்கே உயரத்தில் வளைந்து நின்றன. அதைக்கொண்டு இடத்தை மதிப்பிட்டோம். மூடிய கையை அடிவானத்தின்மேல் வைத்தோம். அதன் மேல்விளிம்பில், நடுங்கிக்கொண்டு, எங்கள் வயதில் நாங்கள் முதன்முதலாகப் பார்க்கும் துருவன். யாரும் கைதட்டவில்லை.

பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு மணி நேரம் படம் எடுத்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் 15 பாகை வில் வரையும். ஒரே மூச்சில் திறந்து வைத்தால் வில்லாபுரத்து விடியல்தான் மறுபடி வரும். ஆகையால் முப்பது விநாடி வீதம் 120 படங்களைத் தொடர்ந்து எடுத்து, பிறகு கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஷட்டர் முப்பது விநாடிக்கு ஒருமுறை ‘டக்’ என்றது. பேசாமல் சுண்டல் தின்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஏறக்குறைய நாற்பதாவது படத்தின்போது, எங்களுக்கு நேர்மேலே ‘வக்’ என்று ஒரு குரல். சற்றுக் கழித்து இன்னொன்று. பிறகு நாலைந்து. வக்கா! பகலெல்லாம் மரத்தில் உறங்கி, இருட்டியபின் இரைதேடப் போகும் நாரையினம். குரலைக் கொண்டே அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள் நம் முன்னோர். ஒன்று மிகவும் தாழ்வாக, லென்ஸுக்கும் துருவனுக்கும் குறுக்கே, வடக்கு நோக்கிப் போனது. அதன் கரிய உருவம் ஒரு கணம் நட்சத்திரங்களை மறைத்ததை ஆறு பேர் பார்த்தோம். சித்தி அப்போது சுண்டல் வாளியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சித்தப்பா வீட்டில் 120 படங்களையும் அடுக்கினோம். வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக விழுந்தன; வெளியே நீளமானவை, உள்ளே வரவரக் குட்டையானவை, நடுவில் அசையாத ஒரு புள்ளி. இடது ஓரத்தில் மதுரையின் வெளிச்சம் ஏறி, அங்கிருந்த வில்களைப் பாதியில் அழித்திருந்தது. பிறகு அடுக்கைப் பிரித்து, முப்பத்தெட்டாவதிலிருந்து நாற்பத்தைந்தாவது வரை உள்ள படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கித் தேடினோம். நட்சத்திரங்கள் எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன. வக்கா எதிலும் இல்லை.